பட்டறைக்குப் போகிறவனுக்கும் எழுத்து வேண்டும்



பள்ளி விடுமுறையில் வெளிநாடு சென்று திரும்பினால் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, "எங்கெல்லாம் போனீர்கள்?" என்பதுதான். கோயில், அருங்காட்சியகம், கடற்கரை, பேரங்காடி என்று பதில் சொன்னால் எல்லாரும் மகிழ்வர். நானோ, "தோக்கியோவில் மோட்டார் சைக்கிள் கடைத்தெருவுக்குப் போனேன், சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனேன்" என்று சொல்லி நகைப்புக்கு ஆளாகியிருக்கிறேன். "நீங்கள் ஆசிரியரா, மெக்கானிக்கா?" என்று மூத்த ஆசிரியை ஒருவர் கேட்டே விட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முயற்சிதான் இக்கட்டுரை.

தூய தமிழில் 'உந்துருளி' என்று எழுதுவதே முறை என்பதை அறிவேன். ஆயினும் என் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் 'மோட்டார்' என்றே வழங்குகின்றனர். அவர்களைப் பற்றிய கட்டுரை இது. ஆதலால் மோட்டார் சைக்கிள் என்றே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2006-ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆறாம் ஆண்டு வகுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவன். வாசிக்கத் திணறுவான். நான்கெழுத்துச் சொல்லைக் கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் வகுப்பறையில் சுழலாமல் நின்ற மின்விசிறியின் கோளாறு எங்கே என்பதைத் தலைமையாசிரியர் அழைத்து வந்த ஆளுக்கு முன்பே சொன்னவன் அவன். நண்பர்களின் சைக்கிள்களுக்கெல்லாம் அவனே வைத்தியன். கையில் எப்போதும் எண்ணெய்க் கறை இருக்கும்.

ஒருநாள் பயிற்சிப் புத்தகத்தில் எண்ணெய்க் கறையோடு வந்து நின்றான். எழுதியிருந்ததோ இரண்டே வரி. எனக்குச் சினம் தலைக்கேறியது. "இப்படியே இருந்தால் பட்டறையில் டயர் கழற்றத்தான் லாயக்கு" என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்தச் சொல் கொடியதுதான். ஆனால் என் தவறு அதோடு முடியவில்லை. அவ்வாண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. எத்தனை மாணவர் எத்தனை 'ஏ' பெற்றனர் என்பதே அன்று பள்ளியின் மானம். 'பி'யிலிருந்து 'ஏ'க்கு ஏறக்கூடியவர்கள், 'டி'யிலிருந்து 'சி'க்கு ஏறக்கூடியவர்கள் என்று மாணவர்களைப் பிரித்தோம். மாலை வகுப்புகள் அவர்களுக்கே. எந்தப் பட்டியலிலும் சேராத அவனைத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சவும் நாற்காலிகளை அடுக்கவும் அனுப்பினேன். 'இவன் எப்படியும் பட்டறைக்குப் போகப் போகிறவன். இவனுக்கு எதற்கு எழுத்து?' என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. வாய்விட்டு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஆனால் ஓராண்டு முழுவதும் அதன்படியே நடந்துகொண்டேன்.

அவன் புகுமுக வகுப்புக்குப் போனான். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். 'நான் அன்றே நினைத்தேன்' என்று சொல்லிக்கொண்டேன். நாமே பள்ளம் வெட்டிவிட்டு, விழுந்தவனைப் பார்த்து நம் கணிப்பை மெச்சிக்கொள்வது ஆசிரியர்களாகிய நமக்கு எளிதாக வரும் குணம்.

பதினோர் ஆண்டுகள் கழிந்து, 2017-இல் ஒரு மழை நாளில் என் மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்த பட்டறையில் அவன் இருந்தான். "சார்!" என்று ஓடி வந்தான். துவாலை கொடுத்தான். தேநீர் வாங்கி வந்தான். பின்னர் வண்டியின் சாவியைத் திருப்பி, முகப்பில் மினுக்கிய சிறு விளக்கு எத்தனை முறை எரிந்து அணைகிறது என்று விரல்விட்டு எண்ணினான். இப்போது வரும் வண்டிகளில் எரிபொருளைத் தெளிப்பது மின்னணுக் கருவி. கோளாறு ஏற்பட்டால் வண்டியே அந்த விளக்கின் வழியாகக் குறியெண்ணைச் சொல்லும். எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்பது அச்சிட்ட தாளில் இருக்கும்.

அந்தத் தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினான்.

"சார், தவுக்கே வெளியே போயிட்டாரு. இத கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா?"

மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த நான்கு வரிகளைப் படித்துச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் வண்டி உயிர் பெற்றது. அவனுடைய விரல்களுக்குத் தெரியாதது எதுவும் அந்த இயந்திரத்தில் இல்லை. அந்த நான்கு வரி மட்டுமே தெரியவில்லை. அதைக் கற்பிக்கத்தான் அரசு எனக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்தது.

பல ஆண்டுகளாக அதே பட்டறையில் இருந்தும் அவன் இன்னும் உதவியாள்தான். சான்றிதழ் பெறப் படிவம் நிரப்ப வேண்டும். படிவம் நிரப்ப எழுத வேண்டும். அவனுக்குப் பின்னால் வந்த இளைஞன் சான்றிதழ் வைத்திருந்ததால் அவனை விடக் கூடுதலாகச் சம்பளம் பெறுகிறான் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னான்.

மறு ஆண்டு இறுதி விடுமுறையில் ஆசிரியர் நண்பர்களோடு ஜப்பான் செல்லப் போவதாக அவனிடம் சொன்னேன். "அங்க மோட்டாருக்குன்னே ஒரு தெரு இருக்காம் சார். போனா படம் போட்ட புத்தகம் கெடைக்குமான்னு பாருங்க" என்றான். 'படம் போட்ட' என்ற சொல்லை அவன் ஏன் அழுத்திச் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது.

இப்படித்தான் நான் உவேனோவுக்குப் போனேன்.

தோக்கியோ நகரில் ஒரே தொழிலுக்கென்று அமைந்த தெருக்கள் பல உண்டு. பழைய நூல்களுக்கு ஜிம்போச்சோ, சமையற்கலங்களுக்குக் கப்பாபாஷி, மின்னணுப் பொருள்களுக்கு அகிஹாபாரா. அதுபோல, உவேனோ நிலையத்திலிருந்து வடக்கே இரியா நோக்கிச் செல்லும் ஷோவா சாலையும் அதையொட்டிய சந்துகளும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயர் பெற்றவை. தலைக்கு மேலே உயர்மட்ட விரைவுச்சாலை ஓடுகிறது. அதன் நிழலில் வண்டிகளும் உதிரிப்பாகங்களும் தலைக்கவசங்களும் விற்கும் கடைகள். நண்பர்கள் உவேனோ விலங்குத் தோட்டத்தில் பாண்டாக் கரடியைப் பார்க்கப் போன நேரத்தில் நான் அந்தச் சாலையில் நடந்தேன்.

உண்மையைச் சொன்னால், நான் கண்டது பழைய புகழின் மிச்சம். ஒரு காலத்தில் வரிசை வரிசையாகக் கடைகள் இருந்த இடத்தில் இன்று எஞ்சியவை சிலவே. 1982-இல் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் 30 லட்சத்திற்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அனுப்பப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 4 லட்சம். பிள்ளைகள் தொகை குறைந்தது, இரயில் வசதி பெருகியது, 2006-இல் நடைபாதை ஓரத்தில் நிறுத்தும் வண்டிகள் மீதான கண்காணிப்பு கடுமையானது என்று காரணங்கள் பல.

அவற்றுள் ஆசிரியனாகிய எனக்கு முள்ளாய்த் தைத்த காரணம் ஒன்று உண்டு. அதே 1982-இல் அந்நாட்டு உயர்நிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு ஓர் இயக்கத்தை முன்னெடுத்தது. மாணவர்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கக் கூடாது, வண்டி வாங்கக் கூடாது, ஓட்டக் கூடாது என்னும் 'மூன்று கூடாது' இயக்கம் அது. பிள்ளைகள் சாலையில் மடிவதைக் காணப் பொறாத பெற்றோரின் நியாயமான அச்சமே அதற்கு வேர். ஆனால் தடுத்தால் போதும், கற்பிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமும் அதனுள் இருந்தது. பல்லாண்டு கழித்து, 2019-இல் சைத்தாமா மாநிலம் அந்தத் தடையை விலக்கியது. உரிமம் பெறும் மாணவர்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சியை அளிக்கும் முறைக்கு மாறியது. நான் உவேனோவில் நடந்துவந்த சில மாதங்களுக்குப் பின் நிகழ்ந்த மாற்றம் இது. தடுப்பதில் முடிந்துவிடுவதன்று ஆசிரியப் பணி என்பதை அவர்கள் உணர நெடுங்காலம் ஆயிற்று. எனக்கும் அப்படியே.

சந்து ஒன்றில் பழைய கடை. கடைக்காரர் எழுபது வயதை நெருங்கியவர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கைப்பேசியில் இருந்த எங்கள் ஊர்க் கப்சாயின் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கப், கப்" என்றார். நாம் 'கப்சாய்' என்று வழங்கும் பெயரில் ஒளிந்திருப்பது 1958-இல் வெளிவந்த ஹோண்டாவின் 'சூப்பர் கப்' வண்டிதான். அதே ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அந்நிறுவனத்தின் வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். தோட்டப்புறத்தில் மிதிவண்டியை நம்பியிருந்த நம் தாத்தாக்கள் பின்னாளில் ஏறி அமர்ந்த முதல் இயந்திரம் பெரும்பாலும் இதன் வழித்தோன்றலே. 2017-இல் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். உதிரிப்பாகங்களின் பட்டியல் நூல். ஒவ்வொரு பக்கத்திலும் இயந்திரத்தின் ஒரு பகுதி, திருகு திருகாகப் பிரித்து வைத்தது போன்ற கோட்டோவியம். ஒவ்வொரு பாகத்திற்கும் ஓர் எண். எதிரே பெயர்ப் பட்டியல், முழுக்க ஜப்பானிய மொழியில். 1,500 யென் கொடுத்தேன். நம் கணக்கில் ஏறத்தாழ 55 வெள்ளி.

கடையை விட்டு வெளியே வந்தபோது வேறொரு நினைவு வந்தது. அந்தச் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது யூஷிமா. 1922-இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் நாட்டுப்புறத்திலிருந்து அங்கே இருந்த ஒரு கார் பட்டறைக்கு வேலை பழக வந்தான். தந்தை கொல்லர். சிறுவன் தொடக்கக் கல்வியோடு நின்றவன். பட்டறையில் அவனுக்கு முதலில் கிடைத்த வேலை, முதலாளியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது. அவன்தான் பின்னாளில் 1948-இல் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோயிச்சிரோ ஹோண்டா.

இந்தக் கதையை நம் மேடைகளில் பலர் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். "பார்த்தீர்களா, படிக்காமலேயே உயர்ந்தார்" என்பர். மீதிக் கதை இதுதான். 1930-களின் இறுதியில் அவர் பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கினார். வார்த்த வளையங்கள் தேறவில்லை. ஏன் என்று அவருடைய கைக்குத் தெரியவில்லை. ஹமாமாட்சு நகரின் தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். உலோகத்தில் சிலிக்கன் போதவில்லை என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லே ஹோண்டாவுக்குப் புதிது. முப்பது வயது கடந்து, தொழில் நடத்திக்கொண்டிருந்தபோதே, தம்மை விட மிக இளையவர்களோடு அதே பள்ளியில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பட்டயம் பெறவில்லை, தேர்வுகளும் எழுதவில்லை. ஆனால் தமக்கு வேண்டிய அறிவைப் பெற்றுக்கொண்டுதான் எழுந்தார்.

ஆக, பட்டறையிலிருந்து வந்தவர் உயர முடியும் என்பது இக்கதையின் ஒரு பாதி. பட்டறைக்காரருக்கும் ஒரு கட்டத்தில் பள்ளி தேவைப்படும், அப்போது பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மறு பாதி. எங்கள் பள்ளியில் அந்தக் கதவை உள்ளிருந்து சாத்தியவன் நான்.

அண்மையில், 2024-இல், சென்னை சென்றிருந்தபோது புதுப்பேட்டைக்கும் போனேன். எழும்பூருக்கு அருகே, கூவம் ஆற்றை ஒட்டிய பகுதி. புதிய உதிரிப்பாகங்களும் அலங்காரப் பொருள்களும் வேண்டுவோர் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவர். பழைய வண்டியின் பாகம் வேண்டுவோருக்குப் புதுப்பேட்டைதான். குன்று குன்றாகக் கியர் பெட்டிகள், சக்கரங்கள், எண்ணெய் வழியும் இயந்திரக் கூடுகள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1950-களில் தொழிற்சாலை தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் பழைய பாகங்களும் அங்கே கிடந்தன. இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டி, தாயகத்தில் உற்பத்தி நின்ற பிறகும் சென்னையில் தொடர்ந்து வாழ்ந்தது.

ஒரு கடையில் வயதான ஒருவர், கண்ணால் பாராமலே விரலால் தடவி ஒரு பல்சக்கரத்தின் வண்டி எது என்று சொன்னார். நான் வியந்து பாராட்டினேன். அவர் பாராட்டை ஏற்கவில்லை.

"கைக்குத் தொழில் தெரியும் சார், கண்ணுக்கு எழுத்து தெரியாது. பதினோரு வயசுல இங்க வந்து நின்னேன். நாப்பது வருசமா எவன் பில்லு எழுதிக் குடுத்தாலும் நம்பித்தான் கைநாட்டு வெச்சேன். எத்தினி பேரு ஏமாத்தினான்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். பேரன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறானாம். "அவனும் இந்தக் கடைக்குத்தான் சார் வருவான். ஆனா படிச்சிட்டு வருவான்" என்றபோது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

நான் இத்தனை ஆண்டாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை அந்தப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இதே கடைக்கு வருவான்; ஆனால் படித்துவிட்டு வருவான்.

இதை எழுதும்போதே எழும் மறுப்புகளையும் அறிவேன்.

"நம் முன்னோர் பால்மரத்தடியில் பட்ட பாடு போதாதா? நம் பிள்ளைகள் மருத்துவராக, வழக்கறிஞராக வேண்டும். நீங்கள் பட்டறையைப் புகழ்ந்தால் அவர்களைக் கீழே இழுப்பதாகாதா?" என்பது முதல் மறுப்பு. இந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் அங்கே போகிறவனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்கிறேன். மருத்துவராகப் போகிறவள் நான் கற்பிக்காவிட்டாலும் துணைப்பாட வகுப்பில் கற்றுக்கொள்வாள். கடைசி வரிசைப் பிள்ளைக்கு நம்மை விட்டால் வேறு வழியில்லை.

"மோட்டார் சைக்கிள் மோகத்தை வளர்ப்பதா? சாலையில் மடிபவர்களைப் பாருங்கள்" என்பது இரண்டாம் மறுப்பு. உண்மைதான். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். தலைக்கவசம் இல்லாமல் அப்பாவின் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைத் தினமும் பள்ளி வாயிலில் காண்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இந்த இயந்திரத்தைப் பற்றி வகுப்பறையில் பேசாமலிருக்க நமக்கு உரிமையில்லை. தடுப்பான் எப்படி வேலை செய்கிறது, ஈரச் சாலையில் வண்டி நிற்க ஏன் கூடுதல் தொலைவு தேவை என்பதை அறிந்த பிள்ளை, அறியாத பிள்ளையை விடக் கவனமாகத்தான் இருப்பான்.

"முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக எங்கே நேரம்?" என்பது மூன்றாவது. இதற்கு என்னிடம் அழகான விடை இல்லை. நேரம் இல்லைதான். ஆனால் 2006-இல் 'பி'யை 'ஏ' ஆக்குவதற்கு எனக்கு மாலைதோறும் நேரம் இருந்தது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. பிள்ளைகளைத் தேறுவோர், தேறாதோர் என்று பிரித்துப் பார்க்கும் கண் நம்மை விட்டு அகன்றதா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்க வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொழிலையும் மிரட்டலாகப் பயன்படுத்துவதில்லை. 'படிக்காவிட்டால் குப்பை அள்ளுவாய், டயர் கழற்றுவாய்' என்ற சொற்களை விட்டுவிட்டேன். வகுப்பில் அமர்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் அப்பா அந்தத் தொழிலைச் செய்து அவனுக்குச் சோறு போடுகிறாரோ, நமக்குத் தெரியாது.

இயந்திரத்தை விரும்பும் பிள்ளைக்கு இயந்திரத்தின் வழியாகவே வாசிப்பும் கணக்கும் தருகிறேன். முன் பல்சக்கரத்தில் 14 பற்கள், பின் பல்சக்கரத்தில் 35 பற்கள் என்றால் பின்சக்கரம் ஒருமுறை சுழல முன்சக்கரப் பல் எத்தனை முறை சுழல வேண்டும்? இரண்டரை. தசமம் என்றால் ஓடி ஒளிந்த பையன் இந்தக் கணக்கை நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறான். பிறகு, பின் பல்சக்கரத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று அவனே கணக்குப் போடத் தொடங்குகிறான்.

பெற்றோரிடம் வழிகளைச் சொல்லி வைக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்திற்குப் பின் தொழிற்கல்விக் கல்லூரிகள் உள்ளன. நிலை நிலையாக ஏறக்கூடிய மலேசியத் திறன் சான்றிதழ் உள்ளது. வேலை அனுபவத்தையே சான்றாகக் காட்டி அச்சான்றிதழ் பெறும் முன் அடைவு அங்கீகார முறையும் உள்ளது. இவை நம் பெற்றோர் பலரின் காதுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் 'அது படிக்காதவனுக்கு' என்று ஒதுக்கிவிடுகின்றனர். அதற்கும் ஒரு வகையில் நாம்தான் காரணம்.

அடுத்து, வெளிநாடு செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளோடு போகிறீர்களா? அரை நாளை ஒதுக்கி அவ்வூரின் தொழில் தெரு ஒன்றைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் தெருவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சகத் தெருவாகவோ தச்சர் தெருவாகவோ இருக்கலாம். பொருள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அங்கே வேலை செய்பவர் கையால் என்ன செய்கிறார், கண்ணால் எதைப் படிக்கிறார் என்று பிள்ளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பேரங்காடிகள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஓர் ஊரின் தொழில் தெரு மற்றோர் ஊரின் தெருவைப் போல் இருப்பதில்லை.

மீண்டும் அந்த மாணவனுக்கு வருகிறேன்.

உவேனோவில் வாங்கிய புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினான். "சார், இதுல எழுதியிருக்கிறது உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டான். "ஓர் எழுத்து கூடத் தெரியாது" என்றேன். அவன் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. அந்தப் புத்தகத்தின் முன் நாங்கள் இருவரும் எழுத்தறியாதவர்கள். அவனாவது படத்தைப் பார்த்து ஒவ்வொன்றும் என்ன என்று சொன்னான். எனக்கு அதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு பாகத்திற்கும் அவன் பெயர் சொல்ல, நான் அந்த எண்ணுக்கு நேராகத் தமிழிலும் மலாயிலும் எழுதினேன். அடுத்த வாரம் அவன் அதைப் பார்த்து எழுதினான். ஞாயிறு காலைகளில் இப்படியே தொடங்கியது எங்கள் வகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் இடையில் நின்றது, மீண்டும் தொடர்ந்தது.

தான் செய்த வேலைகளைத் தானே மலாயில் எழுதித் தொகுத்து, 2022-இல் இரண்டாம் நிலைத் திறன் சான்றிதழ் பெற்றான். அப்போது அவனுக்கு வயது 28. சம்பளம் உயர்ந்தது. இப்போது கோளாறுத் தாளைத் தானே படிக்கிறான். மெதுவாகத்தான், ஆனால் தானே படிக்கிறான்.

நண்பர்கள் இதைக் கேட்டு என்னைப் பாராட்டுகின்றனர். பாராட்டாதீர்கள். பன்னிரண்டு வயதில் அவனுக்குச் சேர வேண்டியதை இருபத்தெட்டு வயதில் கொடுத்திருக்கிறேன். இடையிலே போன பதினாறு ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது? எந்தச் சான்றிதழும் அவற்றைத் திருப்பித் தராது. ஓர் ஆசிரியரின் அலட்சியத்திற்கு அத்தனை நீளமான நிழல் உண்டு என்பதை இளம் ஆசிரியர்கள் அறிய வேண்டும் என்றே, வெட்கத்தை விட்டு இதை எழுதினேன்.

நாளை காலை உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எண்ணெய்க் கறை படிந்த கையோடு உட்கார்ந்திருக்கலாம். அவன் எந்தத் தொழிலுக்குப் போவான் என்று கணிக்கும் வேலையைக் காலத்திடம் விட்டுவிடுங்கள். அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்